டிவியில் வராத பாட்டு

என் வீட்டுக்காரர் கல்யாணமான நாளிலிருந்து வீட்டில் ஒரு கைக்குட்டைகூடத் துவைத்ததில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை அவருக்கு மேடையில் சலவைத் தொழிலாளி வேஷம். அந்தக் காலத்தில் டோபி காட் ஓடைக்கரையில் துணி வெளுத்தவர்களைப் பற்றிய இசை நாடகம் அது. டிவியில் நேரலையாகப் போட்டார்கள். இரண்டாம் பாதியில் அவருக்கு ஒரு தனிப்பாட்டு இருந்தது. முழுப்பாட்டு, மேடையில் அவர் மட்டும்.

இந்த ஒரு பாட்டுக்காக அவர் எத்தனை வருஷம் காத்திருந்தார் என்று எனக்குத்தான் தெரியும். அதுவரைக்கும் வந்தவை எல்லாம் கூட்டத்தோடு கோவிந்தா போடுகிற வேஷங்கள். அரசனுக்குப் பின்னால் ஈட்டி பிடிப்பவர், கல்யாண வீட்டில் பந்தி விசாரிப்பவர், கோரஸில் கடைசி வரிசையில் நிற்பவர். ஆனால் ஒத்திகைக்கு மட்டும் கதாநாயகனுக்கு முன்னால் போய் நிற்பார். ஒத்திகைக்கு லீவு தராத முதலாளியிடம் அடுத்த மாதம் இருக்க மாட்டார். கிடங்கு வேலை, டெலிவரி வேலை, கடை வேலை என்று எல்லாம் அப்படித்தான் போயின.

நான் ஜூரோங்கில் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறேன். வரிசையாக வருகிற சின்னச் சின்னப் பாகங்களைப் பார்த்து, கோணலாக இருப்பதை எடுத்துப் போடுகிற வேலை. நின்றுகொண்டேதான் பார்க்க வேண்டும். இளம் வயதில் நின்றது தெரியவில்லை. இப்போது ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஏறும்போது காலைக் கையால் பிடித்துத் தூக்கிப் படியில் வைக்கிறேன்.

காத்தோங்கில் ஒரு கொண்டோ அடுக்குமாடியில் காவலாளி வேலை காலியாக இருப்பதாக அவருடைய சிநேகிதர் சொன்னார். திங்கட்கிழமையே சேரலாம் என்றார். உட்கார்ந்த இடத்து வேலை, மாதம் பிறந்தால் சம்பளம். இவர் "நாடகம் முடியட்டும், பாக்கலாம்" என்று இழுத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பாத்தது போதும். வயசாச்சு, குரல் போச்சு, ஊரே சிரிக்குது," என்றேன்.

"ஊர் சிரிக்குதா?" என்றார். "சரி, ஊரையே கேப்போம். நீ ஹாலுக்கு வராதே. அங்க உக்காந்திருக்கிறது பூராவும் எங்க ஆளுங்க சொந்தக்காரங்க. தும்மினாக்கூட கை தட்டுவாங்க. லிட்டில் இந்தியாவுல ஏதாச்சும் ஒரு கடையில உக்காந்து டிவியில பாரு. நம்மளத் தெரியாத ஜனங்க என்ன சொல்றாங்கன்னு கேட்டுச் சொல்லு. நல்லா இல்லைன்னா திங்கக்கிழமையே காத்தோங் போயிடுறேன். அப்புறம் நாடகப் பேச்சே எடுக்க மாட்டேன்."

நான் உடனே சரி என்றேன். தீர்ப்பை என் வாயில் வைத்துவிட்டாரே மனுஷன். ஞாயிற்றுக்கிழமை காலை ஷிப்டை முடித்துவிட்டு எம்ஆர்டி ரயிலில் வரும்போது, என்ன சொல்வது என்று முடிவே செய்துவிட்டேன். கடையில் இருந்தவர்கள் ஆகா ஓகோ என்று புகழ்ந்தாலும் சரி, 'ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலைங்க' என்று சொல்லிவிடுவது. அந்தப் பயணம் முழுக்க உட்கார இடம் வேறு கிடைத்தது. நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டேன்.

சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில், சுவரில் பெரிய டிவி மாட்டிய சாப்பாட்டுக் கடை இருந்தது. சினிமாப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பால் இல்லாமல் ஒரு தே ஓ சொல்லிவிட்டு, கல்லாவில் இருந்த அம்மாவிடம் சேனலை மாற்றச் சொன்னேன்.

"நாடகமா? அதெல்லாம் யாரும்மா பாப்பாங்க?" என்றார்.

"கொஞ்ச நேரம் போடுங்க. தெரிஞ்சவங்க நடிக்கிறாங்க."

"கஸ்டமர் கேட்டா மாத்திடுவேன்," என்று சொல்லிக்கொண்டே மாற்றினார்.

அடுத்த மேசையில் இரண்டு தம்பிகள் புரோட்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கப்பல் பட்டறையில் வேலை செய்கிற பிள்ளைகள் என்று அவர்கள் பேச்சிலிருந்து தெரிந்தது. வாரத்தில் கிடைக்கிற ஒரு நாள், முடி வெட்டி, இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார்கள். அந்தப் பக்கம் உள்ளூர்ப் பெரியவர் ஒருவர், ரிட்டையரானவர் போலிருந்தது, தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு குறை சொன்னார்.

"டோபிங்க சட்டையப் பாரு, கடையில வாங்கின மடிப்புகூட கலையலை லா," என்றார். வெள்ளைக்கார அதிகாரி வேஷம் போட்டவர் தமிழில் நீளமாக வசனம் பேசியபோது சின்னத் தம்பி வாய்விட்டுச் சிரித்தான். "நம்மளவிட நல்லா தமிழ் பேசுறான்டா வெள்ளைக்காரன்!" கதாநாயகி அழுதபோது பெரிய தம்பி, இது எந்த சீரியலில் வருகிற பெண் என்று யோசித்துக்கொண்டிருந்தான். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. இந்த ஜனங்கள் போதும், பொய்கூடச் சொல்ல வேண்டியிருக்காது என்று தோன்றியது.

பிறகு அவர் வந்தார். இடுப்பில் முழங்காலுக்கு ஏற்றிக் கட்டிய வேட்டி, தலையில் துணி மூட்டை. அந்தத் தொப்பையை வருஷக்கணக்கில் பார்க்கிறேன். டிவியில் அது இன்னும் பெரிதாக இருந்தது. என் கை தே ஓ குவளையைப் பிடித்தபடியே நின்றுவிட்டது.

ஒத்திகை முழுவதும் காய்ந்த துணியைத்தான் கல்லில் அடித்துப் பழகினார்கள். இவர்தான் விடவில்லை. "தண்ணி இல்லாம என்ன சலவை?" என்று இயக்குநரிடம் வாதாடி, கடைசி நாளில் மேடைக்கு ஒரு தொட்டி நிறையத் தண்ணீர் வரவழைத்தார். அதை வீட்டில் வந்து பெருமையாக என்னிடம் சொன்னார். இப்போது அந்தத் தொட்டியில் துணியை முக்கி, தலைக்கு மேல் சுழற்றி, கல்லில் ஓங்கி அடித்தார். விளக்கு வெளிச்சத்தில் தண்ணீர் சிதறி அவர் முகமெல்லாம் வழிந்தது.

"செம!" என்றான் சின்னத் தம்பி.

அவர் நிமிர்ந்து வாயைத் திறந்தார். புல்லாங்குழல் கேட்டது. மேளம் கேட்டது. அவருடைய குரல் மட்டும் வரவில்லை.

கன்னத்தில் ஒட்டியிருந்த மைக்கில் தண்ணீர் புகுந்துவிட்டது. எனக்கு அது உடனே புரிந்துவிட்டது. அவருக்குத் தெரியவில்லை. தெரிந்தாலும் நேரலையில் நிறுத்தவா முடியும்? கழுத்து நரம்பு புடைக்க, கண்ணை மூடிக்கொண்டு பாடிக்கொண்டே இருந்தார்.

"சவுண்ட் போச்சா?" என்று கல்லா அம்மா ரிமோட்டை அழுத்தினார். புல்லாங்குழல்தான் இன்னும் சத்தமாக வந்தது.

பெரியவர் சிரித்துவிட்டார். "வாயசைக்கிறதுக்கு ஆள் கூப்பிட்டாங்க போல. அதுக்கு இவ்ளோ எஃபர்ட் வேணாம் லா."

"மீன் தொட்டியப் பாத்த மாதிரி இருக்கு," என்றான் சின்னத் தம்பி. கல்லா அம்மாவும் சிரித்தார். "மாத்திடவா?" என்று கேட்டு ரிமோட்டைத் தூக்கினார்.

"மாத்தாதீங்க!" என்றேன். நான் போட்ட சத்தத்தில் கடை முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது.

பெரிய தம்பி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "அக்கா, அவரு வாய் அசையுறப்பல்லாம் உங்க வாயும் அசையுது. இந்தப் பாட்டு உங்களுக்குத் தெரியுமா?"

அசைந்ததா என்று எனக்குத் தெரியாது. அசைந்திருக்கும். மாதக்கணக்கில் சமையலறையிலும் குளியலறையிலும் அதைத்தானே கேட்டேன்? தூக்கத்தில் தட்டி எழுப்பினாலும் சொல்வேன்.

"தெரியும்," என்றேன்.

"என்ன பாடுறாரு?"

பாடுவதற்கு எனக்குக் குரலும் இல்லை, மனசும் இல்லை. மளிகைக் கடையில் சாமான் சொல்கிற மாதிரி, அவர் வாயைப் பார்த்துப் பார்த்துச் சொன்னேன்.

"ஊரார் அழுக்கெல்லாம் என் கல்லுல கரைஞ்சு போச்சு. ஆத்துத் தண்ணிக்கு மட்டும் என் பேரு தெரிஞ்சு போச்சு."

"அப்புறம்?"

"விடிஞ்சா வெள்ளை வேட்டி யார் இடுப்புலயோ போகும். நனைஞ்ச கை மட்டும் என்னோட வீடு வரும்."

சின்னத் தம்பி சிரிப்பை நிறுத்தியிருந்தான். பெரிய தம்பி, "நல்லாருக்கேக்கா," என்று சொல்லிவிட்டுப் புரோட்டாவைச் சால்னாவில் தோய்த்தான். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த வரியையும் கேட்டான். அதற்கடுத்ததையும் கேட்டான். பாட்டு முடிகிற வரைக்கும் நான் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

பாட்டு முடிந்தது. ஹாலில் இருந்தவர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். அந்தச் சத்தம் மட்டும் டிவியில் பிரமாதமாக வந்தது. மைக் இல்லாமலேயே அவருடைய குரல் அங்கே கடைசி வரிசை வரைக்கும் போயிருக்கிறது. குரல் போச்சு என்று நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். கேமரா கூட்டத்தைக் காட்டியது. சிலர் கண்ணைத் துடைத்தார்கள்.

"எதுக்கு இப்படித் தட்டுறாங்க?" என்றார் பெரியவர், ஒன்றும் புரியாமல். பிறகு என்னைப் பார்த்தார். "உங்க சொந்தக்காரரா மா?"

"வீட்டுக்காரர்."

அவருக்குச் சங்கடமாகிவிட்டது. தண்ணீரை எடுத்துக் குடித்தார். "ஆக்டிங் நல்லா இருந்துச்சு மா. ரியலி," என்றார். சின்னத் தம்பி தலையைக் குனிந்துகொண்டான். கல்லா அம்மா நான் கேட்காமலேயே இன்னொரு தே ஓ கொண்டுவந்து வைத்தார். எனக்கு எரிச்சலாக இருந்தது. யாரென்று தெரிந்த பிறகு சொல்கிற பாராட்டை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

மேடையில் அடுத்த காட்சி ஆரம்பித்திருந்தது. போன் அடித்தது, அவர்தான். திரைக்குப் பின்னால் ஏதோ ஒரு மூலையில் நின்றுகொண்டு மூச்சு வாங்கப் பேசினார்.

"பாத்தியா? எந்திரிச்சு நின்னாங்க! எல்லாரும்!"

"பாத்தேன்."

"அங்க? ஜனங்க என்ன சொன்னாங்க?"

பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்பார்களே, அப்படித்தான் வந்து விழுந்திருந்தது எனக்கு. பொய் சொல்லத் தேவையில்லை. 'சிரிச்சாங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அது சத்தியம். திங்கட்கிழமை அவர் காத்தோங் போய்விடுவார். சொல்லத்தான் வாயெடுத்தேன். மைக் கெட்டுப்போனதை மறைத்து அதைச் சொல்ல நாக்கு புரளவில்லை.

"மைக்ல தண்ணி போயிடுச்சுங்க. உங்க பாட்டு டிவியில வரலை."

அவருக்குப் பின்னால் யாரோ பாடுவது கேட்டது.

"ஒரு வரிகூடவா?" என்றார் கடைசியில்.

"ஒரு வரிகூட வரலைங்க."

"நான்தான் தண்ணி கேட்டேன்," என்றார். பிறகு, "அப்ப வெளிய யாருக்குமே கேக்கலை," என்றார்.

"எனக்குக் கேட்டுச்சு," என்றேன். "உங்க வாயப் பாத்தே எல்லா வரியும் எனக்குக் கேட்டுச்சு."

"உனக்கு எப்படி இருந்துச்சு?"

ஒவ்வொரு நாடகம் முடிந்து வரும்போதும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால், ஜனங்க என்ன சொன்னாங்க என்று விசாரிப்பார். பக்கத்து வீட்டைக் கேட்பார், டாக்ஸி டிரைவரைக் கேட்பார். உனக்கு எப்படி இருந்தது என்று என்னைக் கேட்டதே இல்லை. கேட்டால் என்ன சொல்வேனோ என்று பயமோ என்னவோ. எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. இதைக் கேட்க இத்தனை வருஷமா ஆகும் ஒரு மனுஷனுக்கு?

"நல்லா இருந்துச்சுங்க," என்றேன். "நிஜமாவே நல்லா இருந்துச்சு."

அவர் மூச்சு விடுவது கேட்டது. அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்த முடியவில்லை.

"ஆனா என்னால முடியலைங்க. நின்னு நின்னு என் காலு போச்சு. வயசாச்சு, ஊர் சிரிக்குதுன்னெல்லாம் உங்களைச் சொன்னேன். அதெல்லாம் சும்மா. எனக்கு முடியலை. ஒத்தையாளா என்னால இழுக்க முடியலை."

கடையில் எல்லாரும் டிவியைப் பார்ப்பது போல் இருந்தார்கள். ஒருவரும் பார்க்கவில்லை.

"இதை ஏன் முன்னாடியே சொல்லலை?" என்றார்.

"நீங்க கேக்கலையே."

அந்தப் பக்கம் யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். "வரேன், வரேன்," என்று அவர்களிடம் சொன்னார். பிறகு என்னிடம், "திங்கக்கிழமை வேலைக்குப் போறேன். நாடகம் போதும். நீ அங்கேயே உக்காரு, மேக்கப்பக் கலைச்சிட்டு வந்து கூட்டிட்டுப் போறேன்," என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

கடைசியில் எல்லா நடிகர்களும் கைகோத்து வரிசையாக வந்து நின்று வணங்கினார்கள். அவர் ஓரத்தில், ஈர வேட்டியோடு நின்றார். அடுத்த மேசைத் தம்பிகள் கை தட்டினார்கள். பெரியவரும் தட்டினார். மேடையில் எல்லாரும் நிமிர்ந்துவிட்டார்கள். அவர் மட்டும் குனிந்தபடியே இருந்தார். பக்கத்தில் நின்ற பெண் அவருடைய தோளைத் தொட்டாள். அப்போதும் நிமிரவில்லை.

"அந்த அங்கிள் ஏன்க்கா இன்னும் நிமிரலை?" என்று சின்னத் தம்பி கேட்டான்.

கடைசித் தடவையாகக் குனிகிறார் என்று அவனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.