பாலே சங்கத்தின் சிவப்பு மை

பெங்களூரில் எங்கள் ரிச்சர்ட்ஸ் டவுனில் அந்தக் காலத்தில் ஒரு பாலே ரசிகர் சங்கம் இருந்தது. உறுப்பினர்கள் இருபது பேருக்குள்தான். அவர்களில் பாலே என்ற நடனத்தை நேரில் பார்த்தவர்கள் மூன்று பேர். மற்றவர்கள் படத்தில் பார்த்தே ரசித்தார்கள். மாதம் ஒரு சனிக்கிழமை சர்ச்சை ஒட்டிய ஹாலில் கூடுவார்கள். கிராமபோன் தட்டு ஒன்று சுழலும், யாராவது பேசுவார்கள், பிறகு டீயும் பிஸ்கட்டும். பால்காரர் அந்த நேரத்தில் அந்தப் பக்கம் வருவதில்லை என்பதால் வெறும் கறுப்பு டீதான். "பாலே இல்லாம என்ன பாலே சங்கம்?" என்று அப்பா மாதம் தவறாமல் கேட்பார். கேட்டுவிட்டு அவரே சிரித்துக்கொள்வார்.

சங்கத்தின் மாதச் செய்தித்தாளை டைப் அடித்துக் கொடுத்தவள் என் அத்தை. அப்பாவின் தங்கை. கணவர் காலமான பிறகு எங்கள் வீட்டுக்கு வந்தவள், பகலில் ஒரு மருந்துக் கம்பெனியில் டைப்பிஸ்ட். சங்கத்து வேலையை வீட்டு மெஷினில் செய்வாள். ஒரு தாள், இரண்டு பக்கம். விடுமுறைக்கு லண்டன் போன உறுப்பினர் எந்த அரங்கில் என்ன பார்த்தார், கப்பலில் வந்த இசைத்தட்டு உடையாமல் வந்ததா, அடுத்த மாதம் யார் எதைப் பற்றிப் பேசப்போகிறார், பிஸ்கட் யார் முறை, இவ்வளவுதான் செய்தி. கடைசி வரியில் 'டைப் செய்தவர்' என்று போட்டு அத்தையின் பெயர் இருக்கும். அத்தைக்குப் பெயர் என்று ஒன்று உண்டு என்பதே எனக்கு அந்த வரியைப் படித்துத்தான் தெரியும். வீட்டில் அவள் அத்தை, நாத்தனார், தங்கச்சி. கம்பெனியில் டைப்பிஸ்ட் அம்மா. அந்த ஒரு வரிக்காகவே அத்தை அந்த வேலையைச் செய்தாள் என்று இப்போது தோன்றுகிறது. ஒவ்வொரு மாதத் தாளிலும் ஒன்றை எடுத்துத் தன் பைபிளுக்குள் மடித்து வைத்துக்கொள்வாள்.

இதற்கு ஆபத்து ஒரு எழுத்தின் வடிவில் வந்தது. முந்தைய மாதத் தாளில், நடனக்காரி மேடையில் தாவினாள் என்று ஆங்கிலத்தில் வரவேண்டிய இடத்தில் ஒரு எழுத்து மாறி, 'லீப்' 'லீக்' ஆகி, மேடையில் ஒழுகினாள் என்று வந்துவிட்டது. சங்கத்தின் செகரெட்டரி அம்மாள் ஒரு பெரிய ராணுவ அதிகாரியின் மனைவி. வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். இன்னொரு பிழை வந்தால் டைப் அடிக்க வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகவும், அப்புறம் அந்தக் கடைசி வரிக்கு வேலை இருக்காது என்றும் சொல்லிவிட்டுப் போனார். அத்தை அன்று ராத்திரி சாப்பிடவில்லை. எனக்கு ஒன்பது வயது. அத்தையை இனி நான்தான் காப்பாற்ற வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன்.

நாடு முதல்முதலாக ஓட்டுப் போடத் தயாரான சமயம் அது. அப்பாவுக்கு வேறு பேச்சே கிடையாது. ரசம் ஊற்றினாலும் ஓட்டு, மோர் ஊற்றினாலும் ஓட்டு. மன்னனும் மண் சுமப்பவனும் ஒரே வரிசையில் நிற்கப்போகிறார்கள் என்பார். வெள்ளைக்காரனுக்கே நாம் பாடம் சொல்லப்போகிறோம் என்பார். ஓட்டுச்சீட்டைக் குறிக்கும் 'பேலட்' என்ற ஆங்கிலச் சொல் ஒரு நாளைக்கு நூறு தடவை எங்கள் சாப்பாட்டு மேஜையில் விழுந்தது. பள்ளிக்கூடத்திலும் அதே சொல்லைக் கரும்பலகையில் எழுதிப் போட்டு எழுத்துக்கூட்டிப் படிக்கவைத்தார்கள்.

ஒரு திங்கட்கிழமை மாலை அத்தை ஸ்டென்சில் தாளை மெஷினிலேயே விட்டுவிட்டு ஜெபக் கூட்டத்துக்குப் போனாள். நான் போய்ப் படித்துப் பார்த்தேன். தலைப்பில் பி, ஏ, எல், எல், இ, டி என்று இருந்தது. பாலே என்று காதால் கேட்டிருந்தேனே தவிர, அதை ஆங்கிலத்தில் எழுதும்போது வாலில் வாய் திறக்காத ஒரு 'டி' வந்து உட்காரும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. எழுத்துக்கூட்டினேன். பேலட் என்று வந்தது. ஊரே அதைப் பேசும்போது சங்கமும் பேசாமல் இருக்குமா? ஆனால் 'ஓ' இருக்கவேண்டிய இடத்தில் 'இ' இருந்தது. அத்தை மறுபடியும் தப்புச் செய்துவிட்டாள்.

ஸ்டென்சிலில் தப்பை மூட ஒரு சிவப்புத் திரவம் உண்டு, சின்னக் குப்பியில், மூடியிலேயே தூரிகையோடு. அத்தை அதை மருந்து என்பாள். நான் மருந்து தடவி, ஊதி உலர்த்தி, 'ஓ' அடித்தேன். அந்தச் சொல் மூன்று இடத்தில் இருந்தது. மூன்றையும் குணப்படுத்தினேன். மற்ற வரிகளை நிதானமாகப் படித்துப் பார்த்தேன், ஒரு குறையும் இல்லை. அடுத்த சனிக்கிழமைப் பேச்சின் தலைப்பு, 'முதல்முறை வருவோருக்கு: எப்படி நிற்பது, கையை எங்கே வைப்பது'. அனைவரும் வரலாம், கட்டணம் இல்லை. எல்லாம் பொருத்தமாகவே இருந்தது. அன்று நான் தூங்கிய தூக்கம் மகாராஜாகூடத் தூங்கியிருக்க மாட்டார்.

சர்ச் ஆபீஸ் வாட்ச்மேன்தான் ஸ்டென்சிலிலிருந்து பிரதிகள் எடுக்கும் சைக்ளோஸ்டைல் மெஷினைச் சுற்றுபவர். மறுநாள் காலை அத்தை அவசரமாக ஸ்டென்சிலை அவரிடம் கொடுத்துவிட்டுக் கம்பெனிக்கு ஓடிவிட்டாள். அந்தத் தடவை அவள் தாளைப் பார்க்கவேயில்லை. உறுப்பினர்கள் தலைப்பைப் படிக்கும் வழக்கமில்லாதவர்கள், நேரே பிஸ்கட் யார் முறை என்றுதான் பார்ப்பார்கள். வாட்ச்மேன் மட்டும் எழுத்துக்கூட்டி முழுதாகப் படித்தார். அவர் வீடு கூலிவேலைக்காரர்கள் குடியிருக்கும் மர்பி டவுனில். சேதியை அங்கே கொண்டுபோனார்.

சனிக்கிழமை மாலை அத்தையோடு நானும் போனேன். ஹாலுக்கு ஐம்பது பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். பெரும்பாலும் பெண்கள். பங்களாக்களில் வேலை செய்பவர்கள், துணி வெளுப்பவர்கள், இடுப்பில் பிள்ளையோடு வந்தவர்கள். சங்கத்து உறுப்பினர்கள் பதினோரு பேர் ஒரு மூலையில் ஒதுங்கினார்கள். செகரெட்டரி அம்மாள் முகம் சிவந்து நின்றார். பேசவேண்டிய மிஸ்ஸியம்மா மட்டும் பூரித்துப்போனார். இளமையில் லண்டனில் பின்வரிசையில் ஆடி, முழங்கால் போனபின் பெங்களூர் வந்து பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர். வாழ்நாளில் அவ்வளவு கூட்டம் தனக்காக வந்து பார்த்ததில்லை போலிருக்கிறது. அத்தையைப் பக்கத்தில் நிறுத்தி, தமிழில் சொல்லச் சொல்லிவிட்டு ஆரம்பித்தார்.

முதல் பாடம் நிற்பது என்றார். இரண்டு குதிகாலும் ஒட்டியிருக்க வேண்டும், பாதங்கள் வெளிப்பக்கம் திரும்பியிருக்க வேண்டும், முதுகு நிமிர்ந்திருக்க வேண்டும், கைகள் ஒரு பெரிய பூசணியை அணைத்ததுபோல் வளைந்திருக்க வேண்டும். அத்தை சொன்னாள். பெண்கள் எல்லாரும் எழுந்தார்கள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக் குதிகாலை ஒட்டினார்கள், பாதத்தைத் திருப்பினார்கள், பூசணியை அணைத்தார்கள். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. சர்க்கார் காரியம் என்ற பயபக்தி. மிஸ்ஸியம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்கள். முன்வரிசையில் நரைத்த கொண்டை போட்ட ஒரு பெண்மணி கையை இறக்காமலே கேட்டாள்:

"நிக்கறது நின்னுட்டோம்க்கா. பெட்டிய எங்க வெச்சிருக்கீங்க?"

அத்தைக்குப் புரியவில்லை. வாட்ச்மேன் ஓடிவந்து தாளை நீட்டினார். "ஓட்டுப் போடக் கத்துத்தராங்கன்னு நான்தாம்மா எல்லார்ட்டயும் சொன்னேன். இதுல இருக்குதே." அத்தை தலைப்பைப் படித்தாள். பிறகு திரும்பி, கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்துப் பார்த்தாள். வீட்டில் மருந்துக் குப்பியைத் தொடுகிறவர்கள் இரண்டே பேர். எனக்கு என்ன தப்பு என்று தெரியவில்லை, தப்பு என்று மட்டும் தெரிந்தது.

செகரெட்டரி அம்மாள் யார் செய்த வேலை இது என்று கேட்டார். அத்தை, தப்பு தன்னுடையதுதான் என்றாள். செகரெட்டரி அம்மாள் வாட்ச்மேனைக் கூப்பிட்டுக் கூட்டத்தை வெளியே அனுப்பச் சொன்னார். பெண்கள் செருப்பைத் தேட ஆரம்பித்தார்கள். கொண்டை போட்ட பெண்மணி யாரிடமும் இல்லாமல் பொதுவாகச் சொன்னாள், "அர நாள் வேலைய வுட்டுட்டு வந்தோம்."

போகவேண்டாம் என்று அவர்களை நிறுத்திவிட்டு அத்தை பிஸ்கட் டின்கள் இரண்டைக் கவிழ்த்துக் காலி செய்தாள். மிஸ்ஸியம்மா பேச்சுக்காகக் கொண்டுவந்திருந்த படங்களிலிருந்து கால்விரலில் நிற்கும் நடனக்காரியை எடுத்து ஒரு டின்னில் ஒட்டினாள். இன்னொன்றில் ஒரு டீ கெட்டிலை வரைந்தாள். இரண்டையும் திரைக்குப் பின்னால் வைத்தாள். அப்பாவின் ரசத்து நேரப் பிரசங்கம் முழுவதும் அவளுக்குப் பாடம். சீட்டில் எதுவும் எழுதவேண்டாம், கைநாட்டும் வேண்டாம், ஆளுக்கொரு பெட்டி, உங்களுக்குப் பிடித்த ஆளுக்கு எந்தப் படமோ அந்தப் பெட்டியில் போடுங்கள், யாருக்குப் போட்டீர்கள் என்று கேட்க வீட்டுக்காரருக்கும் உரிமை இல்லை என்றாள். மிஸ்ஸியம்மாவுக்கு விஷயம் புரிந்ததும் நாற்காலியைப் போட்டு, பட்டியல் எழுத உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொருத்தியும் வந்து தன் பெயரைச் சொல்லவேண்டும். பலருக்குச் சட்டென்று வரவில்லை. ஒருத்தி 'மாரியோட அம்மா' என்றாள். "அது மாரி பேரு. உன் பேரச் சொல்லு" என்றாள் அத்தை. அவள் வெட்கப்பட்டு, திரும்பிப் பார்த்து, மெதுவாகச் சொன்னாள். மை வைக்க வேண்டுமே என்று அத்தை கைப்பையிலிருந்து மருந்துக் குப்பியை எடுத்து எல்லார் விரலிலும் ஒரு சிவப்புப் பொட்டு வைத்தாள். எண்ணிப் பார்த்ததில் டீ கெட்டில் அமோக வெற்றி. மிஸ்ஸியம்மாவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

வீடு திரும்பும்போது அத்தை என்னைத் திட்டவில்லை. "சரின்னு நெனச்சுத்தானே செஞ்ச" என்றாள். அதற்குப் பதில் திட்டியிருக்கலாம். அடுத்த மாதத் தாளை செகரெட்டரி அம்மாளின் உறவுக்காரப் பையன் டைப் அடித்தான். கடைசி வரியில் அவன் பெயர் இருந்தது. அத்தை அந்தத் தாளைப் பைபிளில் வைக்கவில்லை. நான் இரண்டு நாள் அழுதேன்.

ஓட்டுப் போடும் நாள் வந்தது. நல்ல குளிர். அப்பா கோட்டு போட்டுக்கொண்டார். அத்தை கல்யாணத்துக்குக் கட்டும் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டாள். கைப்பையையும் எடுத்துக்கொண்டாள். அப்பா, அம்மா, அத்தை மூவரும் விடியற்காலையிலேயே நடந்து போனார்கள். பத்து மணி வாக்கில் அப்பாவும் அம்மாவும் வந்தார்கள், இருவர் விரலிலும் கறுப்பு மை. அத்தை சற்றுப் பின்னால் தனியாக வந்தாள். வழியில் மர்பி டவுன் பெண்கள் கும்பலாக வந்து விரல்களைக் காட்டியதாகவும், அத்தை எல்லாருக்கும் கை கொடுத்ததாகவும் அம்மா சொன்னாள். அன்று மத்தியானம் அப்பா ரசத்துக்கும் மோருக்கும் ஒன்றும் பேசவில்லை. ஒருவழியாகத் தேர்தல் முடிந்தது என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

அத்தையும் அப்பாவும் இறந்த பிறகுதான் அம்மா சொன்னாள். ஓட்டர் பட்டியலுக்குப் பெயர் எழுத ஆள் வந்த நாளில் அத்தை கம்பெனிக்குப் போயிருந்தாள். அம்மா வாயாடி, அடுக்களையிலிருந்தே தன் பெயரைக் கத்திச் சொல்லிவிட்டாள். வீட்டில் வேறு யார் என்று கேட்டதற்கு அப்பா 'என் தங்கச்சி' என்றார். வாசலில் நிற்கும் அன்னிய ஆணிடம் வீட்டுப் பெண்ணின் பெயரைச் சொல்வது அவருக்கு வரவில்லை. வந்தவர் அப்படியே எழுதிக்கொண்டார், இன்னாரின் தங்கை என்று. பெயரில்லாத பெண்களைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார்கள். பட்டுப்புடவையோடு வரிசையில் நின்ற அத்தைக்கு அது மேஜைக்கு முன்னால் போனபோதுதான் தெரிந்தது.

அன்று எனக்கு இது எதுவும் தெரியாது. அத்தை வீட்டுக்குள் வந்ததும் ஓடிப்போய் விரலைப் பார்த்தேன். சிவப்பாக ஒரு பொட்டு. எல்லாருக்கும் கறுப்பு, உங்களுக்கு மட்டும் ஏன் சிவப்பு என்று கேட்டேன். அப்பா எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்விட்டார்.

"எனக்கு இதுதான் கெடச்சுது, பாப்பா" என்றாள் அத்தை.

எனக்கும் வேண்டும் என்று அடம்பிடித்தேன். அவள் கைப்பையைத் திறந்து, குப்பியை எடுத்து, என் விரலிலும் ஒன்று வைத்து ஊதினாள். மறுநாள் பள்ளிக்கூடத்தில், எங்கள் அத்தைக்கு மட்டும் தனியாகச் சிவப்பு மை வைத்தார்கள் என்று எல்லாரிடமும் காட்டிக்கொண்டு திரிந்தேன்.