மண் தின்னாத பிள்ளை

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்யும் கம்பெனியில், அச்சுக்குள் வெள்ளை மண் கூழ் ஊற்றுவது என் வேலை. எங்கள் கூட்டத்தில் பிள்ளை வளரவில்லை என்றால் யாரும் உடனே டாக்டரிடம் ஓட மாட்டோம். முதலில் வாயைத் திறந்து பார்ப்போம், மண் தின்கிறதா என்று. அந்த வெள்ளை மண்ணைச் சின்ன வயதில் நானே தின்றிருக்கிறேன். ருசியாகத்தான் இருக்கும்.

என் மூத்த மகளுக்கு ஏழு வயதில் தைத்த ஸ்கூல் பாவாடை ஒன்பது வயதிலும் அளவாக இருந்தது. இரண்டு வயது இளையவள் அவளைத் தாண்டி வளர்ந்துவிட்டாள். பஸ்ஸில், "இதுல எதுங்க பெரிய பொண்ணு?" என்று யாராவது கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். காலையில் தலைவலி என்பாள், வாந்தி எடுப்பாள், சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிப்பாள். எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரே கேள்விதான்.

"மண்ணு திங்கிறியாடி?"

"இல்லம்மா."

"பொய் சொன்னா தோல உரிச்சிடுவேன். வாயத் தொற."

வேலை முடிந்து வூட்டுக்கு வந்ததும், கைகூடக் கழுவாமல் அவள் வாயைத்தான் பார்ப்பேன். ஒருநாள் உதட்டோரம் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன். அது என் விரலில் இருந்த மண்தான் என்று இப்போது தெரிகிறது. பூச்சி மருந்து வேறு மூன்று தடவை ஊற்றினேன், பாவி.

பிறகு அவள் நடக்கும்போது கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்ளத் தொடங்கினாள். ஸ்கூல் டீச்சர் சொல்லிக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் கண்ணாடிக்கு எழுதவில்லை, ஸ்கேனுக்கு எழுதினார். ஸ்கேன் எடுத்து, அதை வைத்துக்கொண்டு புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

"மூளைக்கு அடியில ஒரு கட்டி இருக்குதும்மா. வளர்ச்சிக்கான சுரப்பிய அது அழுத்துது. பார்வையையும் அதான் கெடுக்குது. பிள்ளைங்க வளராம போறதுக்கு இது காரணமா இருக்கறது ரொம்ப அபூர்வம்" என்றார் டாக்டர்.

"மண்ணு தின்னா வருமாங்க?"

"இல்லம்மா. மண்ணுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

அபூர்வமாம். அது என் பிள்ளையைத் தேடியா வர வேண்டும்? யாரிடம் போய்ச் சண்டை போடுவது? ஊரில் எல்லோரிடமும் வாயாடுகிறவள், அங்கே காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆபரேஷன் அன்று, தியேட்டர் வாசல் வரை சக்கரக் கட்டிலோடு நடந்தேன். ஆடுகிற பல் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க நர்ஸ் குனிந்து, "வாயத் தொற கண்ணு" என்றார்.

அவள் நர்ஸைப் பார்க்கவில்லை. என் பக்கம் திரும்பி, வாயை அகலத் திறந்து, நாக்கை நீட்டிக் காட்டினாள்.

"தின்னலம்மா" என்றாள்.

"தெரியும்டி" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கட்டிலை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டார்கள்.