கறந்து பார்த்து வாங்கிய கேமரா

போன தை மாதம், சம்பா அறுவடை முடிந்து வயல்களில் தாள் மட்டும் நின்றுகொண்டிருந்த நாட்களில், ஒரு கேமராவை நம்பலாமா கூடாதா என்று தெரியாமல் நான் தஞ்சாவூருக்கும் ஒரத்தநாட்டுக்குமாக அலைந்துகொண்டிருந்தேன்.

கேமரா எனக்கில்லை, என் மனைவிக்கு. பள்ளிக்கூடத்தில் உயிரியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். வேலையில் இருந்தவரை பஸ் ஜன்னல் வழியாகவே பறவை பார்த்தவள். அறுவடை முடிந்த வயலில் வந்திறங்கும் நாரையையும் அரிவாள் மூக்கனையும் ஆற அமரப் படம் பிடிக்க வேண்டும் என்பது அவளுடைய வெகுநாள் ஆசை. ஓய்வுப் பணம் வந்ததும் முதல் செலவு அதுதான் என்று அறிவித்துவிட்டாள். ஒரத்தநாட்டில் கல்யாணப் படம் எடுக்கும் ஒருவர் வெளிநாட்டில் இருக்கும் அண்ணனோடு தொழில் செய்யப் போவதால், நீளமான லென்ஸோடு தன் கேமராவை விற்கிறார் என்று தகவல் வந்தது. கேமரா பழையதுதான். விலைதான் பழையதாக இல்லை.

"நீங்க பாத்துச் சொல்லுங்க. சரின்னா வாங்கிக்கிறேன், வேணாம்னா விட்டுடுறேன்" என்றாள். வீட்டில் அதிகம் படிக்கிறவன் என்பதற்காக எனக்குக் கிடைத்த பதவி அது. நிறையப் படிக்கிறவனுக்கும் விஷயம் தெரிந்தவனுக்கும் உள்ள தூரத்தை அவள் இன்னும் அளந்து பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

இணையத்தில் படிக்க ஆரம்பித்தேன். அதே கேமரா மழையில் நனைந்தும் மாடாய் உழைத்தது என்று ஒருவர் எழுதியிருந்தார். வாங்கிய சூட்டோடு செத்துவிட்டது என்றார் அடுத்தவர். இதுவரை எத்தனை படம் எடுத்திருக்கிறது என்று முதலில் பாருங்கள் என்றது ஒரு கட்டுரை. அதைப் பார்த்து ஒரு பிரயோஜனமும் இல்லை என்றது இன்னொன்று. ஐந்து நட்சத்திரம் கொடுத்த ஒருவர் இன்னும் பெட்டியைப் பிரிக்கவில்லையாம். ஒற்றை நட்சத்திரம் கொடுத்தவரின் கோபமெல்லாம் கூரியர்காரர் மேல். இப்படியே படித்துப் படித்து, ஆரம்பிக்கும்போது எனக்குத் தெரிந்திருந்த கொஞ்சமும் போய்விட்டது.

என் மைத்துனன், அதாவது மனைவியின் தம்பி, ஒரத்தநாடு பக்கத்தில் விவசாயம் பார்க்கிறான்; கறவை மாடு வாங்கி விற்கிறான். என் நிலைமையைக் கேட்டுவிட்டு, "என்ன அத்தான் இது, மாடு வாங்கறப்ப ஊரெல்லாமா கேட்டுக்கிட்டு நிப்போம்? கறந்து பாத்தா தெரிஞ்சுபோவுது" என்றான்.

எங்கள் பக்கத்தில் அது வழக்கம். மாடு எவ்வளவு கறக்கும் என்று விற்பவர் சொல்வதை யாரும் அப்படியே நம்புவதில்லை. சாயங்காலம் ஒரு வேளை, மறுநாள் காலை ஒரு வேளை, வாங்குகிறவர்கள் தாங்களே கறந்து பார்த்த பிறகுதான் கயிறு கை மாறும். கேமராவுக்கும் அதையே செய்வோம் என்றான். குழப்பத்தில் இருக்கிறவனுக்கு யார் சொன்னாலும் அது ஞானமாகத் தெரியும். சரி என்றேன்.

மூவரும் போனோம். மைத்துனன் எடுத்த எடுப்பில், "ஏன் விக்கிறீங்க?" என்று மாட்டுச் சந்தைக் குரலில் கேட்டான். கேமராவைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். பல்லைப் பிடித்துப் பார்த்துவிடுவானோ என்று எனக்குப் பயமாக இருந்தது. கறந்து பார்க்கும் யோசனையைக் கேட்டு விற்பவர் சிரித்துவிட்டார். ஆனாலும் மைத்துனனை நன்றாகத் தெரிந்தவர் என்பதால் சம்மதித்தார். "எடுத்துட்டுப் போங்க. நாளைக்கு மத்தியானம் கும்பகோணத்துலேருந்து ஒருத்தர் வர்றார். அதுக்குள்ள முடிவச் சொல்லிடுங்க."

சாயங்காலக் கறவை மைத்துனன் வயலில் நடந்தது. வரப்பில் நின்ற ஒரு கொக்கை மூவரும் மாறி மாறிப் படம் எடுத்தோம். வீட்டுக்கு வந்து கணினியில் பெரிதாக்கிப் பார்த்தோம். மனைவி எடுத்ததில் இறகை எண்ணிவிடலாம். கன்றுக்குட்டியைத் தூக்குவதுபோல் கேமராவைத் தூக்கிய மைத்துனன் எடுத்த படமும் பளிச்சென்று இருந்தது. என் படத்தில் மட்டும் கொக்கு நின்ற இடத்தில் அதன் ஆவி நின்றது.

எனக்கு வருத்தமே இல்லை. மாறாகச் சந்தோஷம். கோளாறைக் கண்டுபிடித்துவிட்டேனே! கை ஆட்டத்தைச் சமாளிப்பதற்கென்று லென்ஸுக்குள் ஓர் ஏற்பாடு உண்டு, அது சில நேரம் வேலை செய்கிறது, சில நேரம் தூங்கிவிடுகிறது, விட்டுவிட்டு வருகிற கோளாறைத்தான் நம்பவே கூடாது என்று படித்ததையெல்லாம் கொட்டினேன். மனைவியின் முகம் சுருங்கிவிட்டது.

"அப்ப வேணாங்கிறீங்களா?"

காலையில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். சொல்லப்போவது என்னவென்று இருவருக்கும் தெரிந்திருந்தது.

காலையிலும் அதே கதை. அதே வரப்பு, அதே வெயில், அதே கேமரா. அவள் எடுத்தால் நாரை. நான் எடுத்தால் புகை. கைமாற்றிக் கைமாற்றி எடுத்துப் பார்த்தோம். கோளாறு என்னிடம் கேமரா வரும்போது மட்டும் எப்படி விழித்துக்கொள்கிறது என்று எனக்குப் புரியவில்லை. கடைசியில் மைத்துனனிடமே, "பழகின கைக்குத்தான் சில மாடு பால் விடும்னு சொல்லுவியே மாப்ள, இதுவும் அந்த ரகமா?" என்று கேட்டேன்.

"அக்கா கை மட்டும் பழகின கையா அத்தான்? ரெண்டு பேருக்குக் கறந்து ஒருத்தர மட்டும் உதைச்சா, நான் மாட்டப் பாக்க மாட்டேன், கறக்குற ஆளப் பாப்பேன்" என்று சொல்லிச் சிரித்தான். நானும் சிரித்தேன்.

மனைவி சிரிக்கவில்லை. கேமராவை என்னிடமிருந்து வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, "கைய நீட்டுங்க" என்றாள். நீட்டினேன். வரப்பில் கிடந்த ஒரு வைக்கோல் தாளை எடுத்து என் விரல்களின் மேல் வைத்தாள். காற்று துளிக்கூட இல்லை. தாள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. மைத்துனன் சிரிப்பை நிறுத்திவிட்டான். அது ஏன் ஆடுகிறது என்று கொஞ்ச நேரம் நான் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். என் கைதான் என்பது கடைசியாகத்தான் உறைத்தது.

"தீபாவளியிலேருந்தே பாத்துக்கிட்டிருக்கேன். டாக்டர்கிட்ட போவோம்னா ஏதாவது கிண்டல் பேசி மழுப்பிடுறீங்க. அதான் காப்பிய முக்கா டம்ளரா ஊத்திக்கிட்டிருக்கேன், கீழ சிந்தாம இருக்கட்டும்னு."

அந்த முக்கால் டம்ளரை ஓய்வூதியக்காரியின் சிக்கனம் என்று நான் நண்பர்களிடம் கேலி செய்திருந்தேன்.

மத்தியானத்துக்குள் கேமராவை வாங்கிவிட்டோம். அடுத்த வாரம் டாக்டர் என்னை வாங்கு வாங்கென்று வாங்கினார். கழுத்தில் இருக்கும் தைராய்டு அளவுக்கு மீறி வேலை செய்கிறதாம். நெஞ்சு அடித்துக்கொண்ட வேகத்தைப் பார்த்துவிட்டு, இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் இதயத்தில் கை வைத்திருக்கும் என்றார். என் உடம்பில் அளவுக்கு மீறி வேலை செய்யும் உறுப்பு ஒன்று இருக்கிறது என்பதை நம்ப எனக்கே சிரமமாக இருந்தது. மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். அவள் நாரை பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

அந்த இரண்டு வேளையில் யார் யாரைச் சோதித்தோம் என்ற குழப்பம் எனக்கு இன்னும் தீரவில்லை. முகம் தெரியாதவர்கள் கொடுத்த நட்சத்திரங்களையெல்லாம் விழுந்து விழுந்து படித்தவன் நான். எனக்கு ஒருத்தி தினமும் காலையில் டம்ளரில் மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்ததைப் படிக்கத் தெரியாமல் இருந்திருக்கிறேன். இப்போது காப்பி கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறிவருகிறது, இன்று விளிம்புக்கு ஒரு விரல்கடை கீழே நின்றது. சிந்தாமல் குடித்துவிட்டு, அவள் பார்த்தாளா என்று நிமிர்ந்து பார்த்தேன்.