தொட்டிச் செடிக்கு நான் ஊற்றிய தெளிநீர்

மூன்று சுண்ணாம்புக் காளவாசல் போட்டவன் நான். காரை அரைக்கிற செக்கு இரண்டு, அதை இழுக்க எட்டு ஜோடி மாடு, கோச்சடையில் மாடி எடுத்துக் கட்டிய மெத்தை வீடு ஒன்று. எல்லாம் என் சம்பாத்தியம். உசிலம்பட்டிப் பக்கம் அடுத்தவன் காட்டில் ஏர் பிடித்தவர் எங்கள் ஐயா. எங்களுக்கென்று உட்காரக்கூட நிலம் கிடையாது. மதுரைக்கு நான் வந்தபோது இடுப்பில் ஒரு வேட்டி, தோளில் ஒரு துண்டு, அம்புட்டுதான். இரண்டாங்கிளாஸோடு படிப்பை நிறுத்தியவன், வெள்ளைக்கார துரைமார் பங்களாக்களுக்கு வெள்ளை அடிக்கிற கான்ட்ராக்டு எடுத்தேன். வைகை ஒரு வருசம் பொங்கி வந்து காளவாசல் ஒன்றை வழித்துக்கொண்டு போனது. தண்ணீர் வடிந்த மறுவாரமே அதே இடத்தில் கல் அடுக்கினேன். "இவன் எந்திரிக்க மாட்டான்" என்று சொன்னவர்கள் வீட்டுச் சுவரெல்லாம் பிற்பாடு என் சுண்ணாம்பில்தான் நின்றது.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், சுண்ணாம்பைப் பற்றி எனக்கு ஒருத்தனும் புத்தி சொல்ல முடியாது என்று நினைத்திருந்தேன். சுண்ணாம்புக்குச் சுடுகிற சுக்கான் கல்லைக் கையில் வாங்கினால் போதும், எவ்வளவு கரி தின்னும், எத்தனை பங்கு மணல் தாங்கும் என்று எடையை வைத்தே சொல்லிவிடுவேன். சுட்ட கல்லில் தண்ணீர் விட்டதும் அது சீறிப் பொங்கிப் பூவாக உதிருமே, அந்தச் சத்தத்திலேயே சரக்கின் தரம் தெரியும் எனக்கு. சின்னப் பிள்ளை எலும்புக்குச் சுண்ணாம்பு, முட்டையிடுகிற கோழிக்குச் சுண்ணாம்பு, குளவி கொட்டினால் சுண்ணாம்பு. அது சேராத இடம் ஒன்று இருக்கும் என்று என் புத்திக்கு எட்டவே இல்லை.

யுத்தம் தொடங்குவதற்கு மூன்று நான்கு வருசம் முந்தி, நான் வெள்ளை அடித்துக்கொண்டிருந்த பங்களாவில் துரைக்கு மாற்றல் வந்தது. துரைசானி அம்மா சாமான்களை வண்டியில் ஏற்றிவிட்டுப் பூந்தொட்டிகளை வேலையாட்களுக்குப் பிரித்துக் கொடுத்தாள். நான் ஒரு செடியைக் காட்டிக் கேட்டேன். இடுப்பு உயரம். எண்ணெய் தேய்த்தது போல மினுமினுக்கிற கரும்பச்சை இலை. அடுக்கு அடுக்காக வெள்ளைப் பூ. பார்வைக்கு நம் அடுக்கு நந்தியாவட்டையேதான். ஆனால் நந்தியாவட்டைக்கு ஏது வாசம்? இது பூத்தால் நாலு வீட்டுக்கு மணக்கும். பங்களாத் தோட்டக்காரர் அதற்கு ஒரு இங்கிலீஷ் பேர் சொன்னார், என் வாயில் நுழையவில்லை. வீட்டில் கொண்டுவந்து இறக்கியதும் என் வீட்டுக்காரி மூக்கை வைத்துப் பார்த்துவிட்டு, "வாசனை நந்தியாவட்டை" என்று பேர் வைத்துவிட்டாள். எங்கள் தெருவில் அதுதான் நிலைத்தது.

என் வீட்டுக்காரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் கைக்கு ராசி உண்டு என்று ஊரே சொல்லும். காய்ந்த முருங்கைப் போத்தை அவள் ஊன்றினால் துளிர்க்கும். அம்மன் திருவிழாவுக்கு முளைப்பாரி போடுகிறபோது, தானிய முத்தைச் சட்டிகளில் பரப்பி, இருட்டறையில் வைத்து, விரதமிருந்து ஒன்பது நாள் தண்ணீர் தெளித்து வளர்க்க ஒரு பொம்பளையைத் தேர்ந்தெடுப்பார்கள். முளை நன்றாக வந்தால் ஊருக்கு மழை, விளைச்சல். நொந்து வந்தால் பழியெல்லாம் முத்துப் பரப்பின கைக்கு. பதினோரு வருசம் தொடர்ந்து அந்தக் கை என் வீட்டுக்காரியின் கைதான். கூலிக்காரி மகளாக வந்தவளுக்கு எங்கள் தெருவில் கிடைத்த பெரிய மரியாதை அது. மெத்தை வீட்டைக்கூட அவள் அம்புட்டுப் பெருமையாக நினைத்ததில்லை.

செடி ஒரு வருசம் ஜோராக இருந்தது. வேர் பெருத்துப் பழைய மண்தொட்டி வெடித்தது. நான் சும்மா இருப்பேனா? வாசல் ஓரத்தில் நானே உட்கார்ந்து காரையில் ஒரு தொட்டி கட்டினேன். கடுக்காய்த் தண்ணீர் ஊற்றி அரைத்த முதல்தரக் காரை. வெளியே தாமரை இதழ் இழைத்து, முட்டை வெள்ளைக்கரு பூசிக் கண்ணாடி மாதிரி தேய்த்தேன். பார்க்க வந்தவர்கள் செடியைப் பார்க்கவில்லை, தொட்டியைத்தான் பார்த்தார்கள். மண்ணோடு இடிந்த காரைத்தூளும் நாலு கூடை கலந்தேன், வேர் இறுகப் பிடிக்கட்டும் என்று.

மூன்று மாதத்தில் இலை மஞ்சளாகத் தொடங்கியது. நரம்பு மட்டும் பச்சை, மற்றதெல்லாம் எலுமிச்சைத் தோல் நிறம். மொட்டு விடும், விரியாமலே உதிரும்.

வீட்டுக்காரி தவித்துப்போனாள். அரிசி கழுவின தண்ணீர் ஊற்றினாள், சாணி கரைத்து ஊற்றினாள். கடைசியில் குழம்புக்குப் புளி கரைத்துப் பிழிந்த சக்கையை அலசி, அந்தத் தண்ணீரைச் சாயங்காலம் சாயங்காலம் ஊற்ற ஆரம்பித்தாள். "இத ஊத்துன பெறகுதாங்க கொழுந்து கொஞ்சம் பச்சையா வருது" என்றாள். "புளித்தண்ணிய ஊத்தி ரசமா வைக்கப் போற?" என்று சிரித்தேன்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? காலையில் அவள் மாட்டுத் தொழுவத்தில் இருக்கிற நேரம், சுண்ணாம்பைக் கரைத்துத் தெளியவைத்து மேலாக நிற்கிற தண்ணீரை ஒரு செம்பு கொண்டுவந்து செடிக்கு ஊற்றுவேன். அவளுக்குத் தெரியாமல். செடி தழைத்த பிறகு, "யார் கைடி இது?" என்று மார்தட்டிக் கேட்க வேண்டும் என்ற ஆசை. இப்படி இரண்டரை மாதம், ஒருநாள் விடாமல் ஊற்றினேன்.

அந்தப் பங்களாத் தோட்டக்காரர் டவுனுக்குள் இருக்கிற பாய். அவர் வீட்டுக்கு வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு வாங்க ஒருநாள் மத்தியானம் வந்தார். வீட்டுக்காரி கடைக்குப் போயிருந்தாள். பாய் செடியைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிப்போட்டுவிட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். இலையைத் திருப்பிப் பார்த்தார். மண்ணைக் கிள்ளி நாக்கில் வைத்துத் துப்பினார்.

"யா அல்லா! மேஸ்திரி, செடிக்கு வெத்தல போட்டுவிட்டிருக்கீங்களே! பாக்கு மட்டுந்தான் பாக்கி."

"என்ன பாய் சொல்றீக?"

"சுண்ணாம்பு, மேஸ்திரி! தொட்டி சுண்ணாம்பு, மண்ணு சுண்ணாம்பு. இதுக்கு அதுதான் வெசம். துரைசானி மழத்தண்ணியத் தவிர வேற தண்ணி காட்ட விடமாட்டாங்க. செம்மண்ணும் மக்கின இலையும் போட்டு வச்சிருந்தேன். இம்புட்டு நாளு இது எப்படி உசுரோட நிக்குது? அதுதான் எனக்கு வெளங்கல."

வீட்டுக்காரி புளித்தண்ணீர் ஊற்றுகிற கதையைச் சொன்னேன். தெளிநீர்க் கதையைச் சொல்லவில்லை.

பாய் தொடையில் தட்டினார். "அப்படிச் சொல்லுங்க! புளிப்புதான் இத நிப்பாட்டி வச்சிருக்கு. அந்தம்மா கையில்லேன்னா இது போன மாசமே வெறகாயிருக்கும்."

"பாய், இத வீட்டுல சொல்லிக்கிற வேணாம்."

"நான் எதுக்குச் சொல்றேன்? நீங்களே சொல்லிருவீங்க" என்று எழுந்து செருப்பை மாட்டினார்.

நான் சொல்லவில்லை. சுண்ணாம்பு மேஸ்திரிக்குச் சுண்ணாம்பு தெரியவில்லை என்று காளவாசலில் கல் உடைக்கிறவன்கூடச் சிரிப்பான் என்று இருந்தது. தெளிநீர் ஊற்றுவதை மட்டும் நிறுத்திவிட்டு, மற்றதை மெதுவாகச் சரிபண்ணிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன்.

நாலு நாள் கழித்து எங்கள் அக்கா வந்தாள். அதே தெருவில் இருக்கிறவள், முளைப்பாரிக் காரியத்துக்கெல்லாம் அவள்தான் முன்னால் நிற்பாள். வாசலில் நின்றபடியே பேசினாள்.

"தம்பி, இந்த வருசம் முத்துப் பரப்ப வேற ஆளு சொல்லிட்டோம்."

"ஏங்க்கா? எம்புட்டு வருசமா அவதான செய்யிறா?"

"நல்லாத்தான் செஞ்சா, நான் இல்லங்கல. வாசல்ல நிக்கிற செடியப் பாரு. மஞ்சக் காமாலக்காரி மாதிரி நிக்குது. தெனம் அவ கைதான படுது? பொம்பளைக எல்லாம் பேசுறாளுக. நாளைக்கு முளை நொந்து போச்சுன்னா ஊருக்கு நீ பதில் சொல்லுவியா, நான் சொல்லவா?"

என் வீட்டுக்காரி நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தாள். கையில் அந்தப் புளித்தண்ணீர்ச் சட்டி. என் முகத்தைப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்வேன், அக்காவை இரண்டு வார்த்தை சத்தம் போடுவேன் என்று பார்த்தாள். எதற்கெடுத்தாலும் கத்துகிறவன்தானே நான். என் வாய் நிறைய வெற்றிலை. அதைத் துப்பிவிட்டு, 'அவ கை இல்லக்கா, ஏங் கை' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

"மதினி சொல்றதும் சரிதான். ஊர்க் காரியம்" என்று அவளே சொன்னாள். சட்டித் தண்ணீரைச் செடிக்கு ஊற்றாமல் சாக்கடையில் கொட்டிவிட்டு உள்ளே போனாள்.

அந்த வருசம் முளைப்பாரி எங்கள் தெரு வழியாகத்தான் போனது. அவள் மற்றப் பெண்களுக்குப் பின்னால் நின்று கும்பிட்டாள். கும்மிக்குக் கூப்பிட்டார்கள், முழங்கால் வலிக்கிறது என்றாள்.

அதற்குப் பிறகுதான் எனக்குச் சுறுசுறுப்பு வந்தது. வாசலில் வண்டி திருப்ப இடம் போதவில்லை என்று ஒரு பொய்யைச் சொல்லி, தாமரை இதழ் வைத்த தொட்டியைக் கடப்பாரையால் உடைத்தேன். பாயிடம் போய்ச் செம்மண்ணும் மக்கின இலையும் வாங்கிவந்தேன். வேரை அலசிப் புது மண்தொட்டியில் வைத்தேன். ஐப்பசி மழையை அண்டாவில் பிடித்து வைத்து ஊற்றினேன். அவள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பங்குனிக்குள் பழைய மஞ்சள் இலை உதிர்ந்து புது இலை கருகருவென்று வந்துவிட்டது. ஒருநாள் காலையில் ஒன்பது பூ. வீடே மணந்தது.

ஓடிப்போய் அவளைக் கூட்டிவந்தேன். இப்போதாவது சொல்லிவிடலாம் என்றுதான் கூட்டிவந்தேன். சத்தியமாக.

அவள் வெகுநேரம் நின்று பார்த்தாள். தொடவில்லை. "பாத்தீங்களா, நான் கை வைக்கிறத நிப்பாட்டினதும் எப்படிப் பூத்துருச்சு" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தாலாவது நான் ஏதாவது பேசியிருப்பேன். கணக்குத் தெரிந்துபோன மாதிரி அமைதியாகச் சொன்னாள்.

நானும் பூவைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

பிறகு அவள் எதையும் ஊன்றவில்லை. கொல்லையில் கீரை விதைக்கக்கூடப் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுவாள். "ஏங் கை வேணாந்தாயி, நீ போடு" என்பாள். யுத்தம் நடந்துகொண்டிருக்கும்போது, அரிசிக்கு வரிசையில் நின்ற காலத்தில், காய்ச்சலில் பத்து நாள் கிடந்து போய்ச் சேர்ந்தாள். பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். பத்து நாள் இருந்தது எனக்கு. காய்ச்சல்காரியிடம் இதைப்போய்ச் சொல்லுவானேன் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

செடி இன்னும் இருக்கிறது. நான்தான் தண்ணீர் ஊற்றுகிறேன். வருகிறவர்கள் எல்லாம், "மேஸ்திரி கைராசி!" என்கிறார்கள்.

போன மாதம் என் மகன் ஒரு சேதி சொன்னான். உசிலம்பட்டிக்குக் கட்டிக்கொடுத்த என் மகளை, அவள் மாமியார் ஊர்த் திருவிழாவுக்கு முத்துப் பரப்பக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவள் மாட்டேன் என்றுவிட்டாளாம். "எனக்கு எங்கம்மா கை. கடைசிக் காலத்துல அது ராசி கெட்டுப்போன கை. வேற ஆளப் பாருங்க" என்றாளாம். என் மகன் இதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுச் சோற்றில் மோரை ஊற்றிக்கொண்டான். நான் பாதிச் சோற்றில் எழுந்து கைகழுவினேன்.

அதனால்தான் எழுத்துக்கூட்டி எழுதுகிறேன். பிழை இருந்தால் இருக்கட்டும். என் மகளுக்கும் மகனுக்கும், எங்கள் தெருப் பெண்களுக்கும், உயிரோடு இருக்கிற எங்கள் அக்காவுக்கும் சொல்கிறேன். அந்தச் செடி மஞ்சளானது என் வேலை. சுண்ணாம்புத் தொட்டி கட்டியது நான். இரண்டரை மாதம் தெளிநீர் ஊற்றியவனும் நானே. அத்தனைக்கும் நடுவில் அதை உயிரோடு நிறுத்தி வைத்தது அவள் ஊற்றின புளித்தண்ணீர். அவள் கை கடைசிவரைக்கும் ராசியான கை.

மகளே, அடுத்த திருவிழாவுக்குக் கூப்பிட்டால் போ. உங்கம்மா கையாலேயே முத்துப் பரப்பு. எவளாவது பழைய கதையை எடுத்தால், செடியைக் கெடுத்தது எங்கள் ஐயா என்று கூட்டத்தில் சத்தமாகச் சொல்லு. தயங்காதே. என் பேரைச் சொல்லியே சொல்லு. அது எனக்குச் சேர வேண்டிய பேர். இத்தனை வருசம் அவள் தலையில் கிடக்கிறது, அதை எடுத்து என்னிடம் கொடுங்கள்.