அத்தையின் ஜனவரி ஒன்று

எருமப்பட்டியில் என் மாமா வீட்டுக் கம்ப்யூட்டரில் எப்போதும் ஜனவரி ஒன்றாம் தேதிதான். ஆறாம் வகுப்புப் பரீட்சை முடிந்து விடுமுறைக்குப் போயிருந்தபோது அதைக் கவனித்தேன். வெளியே சித்திரை வெயில் கொளுத்தியது. திரையின் மூலையில் நள்ளிரவு பன்னிரண்டு மணி இரண்டு நிமிடம். வருஷமும் தப்பு. மாமா காணாமல் போவதற்கு முந்தைய வருஷம் அது.

மாமா என் அம்மாவின் தம்பி. ரிக் லாரியில் ஆழ்துளைக் கிணறு போடும் வேலைக்கு வடக்கே போனவர், வழியில் ஏதோ ஒரு ஊரில் டீ குடிக்க இறங்கினாராம், லாரிக்குத் திரும்பவில்லை. அப்போது எனக்கு நான்கு வயது. அவர் முகமே எனக்குப் போட்டோவில்தான் பழக்கம். அவர் மனைவியான அத்தை இரண்டு எருமைகளோடு தனியாக அந்த வீட்டில் இருந்தாள்.

தினமும் மத்தியானம் அத்தை அந்தப் பழைய பெட்டியைப் போடுவாள். அது ஒருமுறை கூவும். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் வரும். ஒரு விசையைத் தட்டிவிட்டு அரைமணி நேரம் எதையோ டைப் செய்வாள். முடிந்ததும், இடி இறங்கிவிடும் என்று பிளக்கைப் பிடுங்கிவிடுவாள்.

"தேதி தப்பா இருக்குதே அத்தை?"

"தப்பில்ல சாமி. இதுக்குள்ள இன்னும் அந்த வருஷந்தான். அவுங்க ஊட்டுலதான் இருக்காங்க."

சொல்லிவிட்டுச் சமையலறைப் பக்கம் பார்த்தாள். நானும் பார்த்தேன். அங்கே யாருமில்லை. ஆனாலும் அன்றிலிருந்து தண்ணீர் குடிக்க அங்கே தனியாகப் போக எனக்குக் கால் வரவில்லை.

ஒருநாள் அவள் எருமைகளுக்குத் தீனி வைக்கப் போனதும் நான் மௌஸைப் பிடித்தேன். நூற்றுக்கணக்கான சின்னச் சின்னக் கடிதங்கள். எல்லாமே ஆங்கில எழுத்தில் தமிழ், எல்லாவற்றுக்கும் ஒரே தேதி. 'மோட்டார் ஓடலீங்க.' 'எருமை கன்னு போட்டுருச்சுங்க.' கடைசிக் கடிதத்தில் இப்படி இருந்தது: 'நேத்து நீங்க சொன்னபடியே தண்ணித் தொட்டிய மாத்திக் கட்டிட்டனுங்க.'

அந்தத் தொட்டியைப் போன வாரம் என் கண்ணெதிரே கட்டினார்கள்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு கம்ப்யூட்டருக்கும் இப்படித் தேதி பின்னால் போனது. நாணயம் போன்ற ஒரு பேட்டரியை மாற்றி டீச்சர் அதைச் சரிசெய்தார். இதையும் மாற்றிவிட்டால் இந்த வீட்டில் இருப்பது எதுவோ அது போய்விடும் என்று எனக்குத் தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை என்னைப் பார்க்க வந்த அப்பாவிடம் சொல்லி, நாமக்கல்லிலிருந்து ஒரு பேட்டரி வாங்கிவர வைத்தேன்.

அத்தை பால் சொசைட்டிக்குப் போன நேரத்தில் பெட்டியைத் திறந்தேன். உள்ளே ஒட்டடையும் பல்லி முட்டை ஓடுகளும். டீச்சர் செய்ததுபோல, உடம்பிலுள்ள நிலைமின்சாரம் இறங்க, முதலில் ஜன்னல் கம்பியைத் தொட்டுக்கொண்டேன். கொக்கியைத் தள்ளியதும் செத்த பேட்டரி துள்ளி விழுந்தது. அது தரையில் உருண்டு அடங்கும்வரை நான் மூச்சு விடவில்லை. புதியதைக் கூட்டல் குறி மேலே தெரியும்படி அழுத்தி, பெட்டியைப் போட்டு அன்றைய தேதியை வைத்து, பிளக்கைப் பிடுங்கினேன்.

மறுநாள் பெட்டி கூவவில்லை. அத்தை திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது நெசமா சாமி?"

"நெசந்தான் அத்தை. பேட்டரி செத்துப்போயிருந்துச்சு. மாத்திட்டேன்."

அவள் விரல்விட்டு எண்ணினாள். "ஏழு வருசம் முடிஞ்சே போச்சு," என்றாள். அன்று அவள் எதுவும் டைப் செய்யவில்லை. சாயங்காலம் தண்ணீர் குடிக்க நான் தனியாகவே சமையலறைக்குப் போனேன். பேயை ஓட்டிவிட்ட பெருமை எனக்கு.

அந்த வாரமே மாமாவின் அண்ணனான என் பெரிய மாமா ஒரு வக்கீலைக் கூட்டிவந்தார். அத்தைதான் போன் செய்து வரச்சொன்னாளாம். நீளமான காகிதத்தில் அவள் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. பேனா எழுதவில்லை என்றதும், ஓடிப்போய் என் பள்ளிக்கூடப் பேனாவை எடுத்து நீட்டியது நான்தான். ஏழு வருஷமாகக் காணாதவரைச் சட்டம் இறந்தவராக எண்ணும் என்பது எனக்கு அன்று தெரியாது.