தோன்காவின் கதவில் மூன்று தட்டு

தோன்காவின் வாழ்க்கையை எழுத வேண்டியவன் அவள் மகன் ப்ளாமென். அவன் ஜெர்மனியில் லாரி ஓட்டுகிறான். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பினால் மூன்று நாள் கழித்துப் போன் செய்கிறவன், எழுதவா போகிறான்? ஆகவே நான் எழுதுகிறேன். உனக்கு அந்த அருகதை இருக்கிறதா என்று கேட்டால், இல்லை.

எங்கள் வீடு ரூசே நகரத்தில், ஆற்றுத் துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் எட்டு மாடிக் கட்டடத்தில். நான் இரண்டாம் மாடி. என் தலைக்கு நேர் மேலே தோன்கா. நான் தபால் நிலையத்தில் முப்பது வருடம் முத்திரை குத்தியவள், கையெழுத்தும் நன்றாக இருக்கும் என்று சொல்லிக் கட்டடத்துப் பொறுப்பை என் தலையில் கட்டியிருந்தார்கள். படிக்கட்டில் சிகரெட் துண்டு போடாதே, பால்கனியிலிருந்து கம்பளம் உதறாதே என்று எழுதி வாசல் கதவில் ஒட்டுவேன். ஊரைத் திருத்துவதில் எனக்கு ஒரு சுகம் இருந்தது. மறைப்பானேன்?

தோன்கா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவள். இருபத்தாறு வருடம் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து, கீழே இருப்பவர்களை எறும்பளவில் பார்த்தவள். ஒருநாள் கீழே இறங்கி வந்தபோதுதான் புருஷன் இன்னொருத்தி வீட்டுக்குக் குடிபோய்விட்டது தெரிந்தது என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். மற்றபடி அதிகம் பேசமாட்டாள். உதவி கேட்டுக் கதவைத் தட்டும் வழக்கமே கிடையாது.

போன வருடக் கோடையில் ப்ளாமென் லீவில் வந்தான். காடை சுடப் போக வேண்டும் என்று ஏழு மாத வேட்டைநாய் ஒன்றை வாங்கினான். பாருத் என்று பெயர் வைத்தான். எங்கள் பேச்சில் வெடிமருந்து என்று அர்த்தம்; அந்த ஒரு விஷயத்தில் அவன் கணக்குத் தப்பவில்லை. மூன்று வாரத்தில் லீவு முடிந்தது. உனக்கும் ஒரு துணையாச்சு என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, நாயைப் பால்கனியில் கட்டிப் போட்டுவிட்டுப் போனான்.

அதற்குப் பிறகு எங்கள் கட்டடத்தில் யாருக்கும் தூக்கமில்லை. பாருத் முதலில் சோபாவைக் கிழித்தது. பிறகு செருப்பு, தரை விரிப்பு, கதவின் கீழ்ப்பாதி. மாடிப்படி கழுவும் ரப்பர் குழாயை நான்கு துண்டாக்கியது. தோன்கா ரொட்டி வாங்க இறங்கினால், திரும்பி வரும்வரை குரைக்கும். யாராவது கதவைத் தட்டிவிட்டால் போதும், ஒரு மணி நேரம் சுவரில் மோதி மோதிக் கத்தும். நான்காம் மாடி மெத்தோதி, பட்டாளத்தில் இருந்தவர், மத்தியானத் தூக்கம் கெட்டதில் ஒருநாள் படிக்கட்டிலேயே நின்று சத்தம் போட்டார்.

“தோன்கா, உன் நாய நீ அடக்குறியா, நான் அடக்கட்டுமா?”

அவர் அடக்கினால் எப்படி அடக்குவார் என்று எல்லோருக்கும் தெரியும். எங்கள் பேட்டையில் எலி மருந்து வைத்த தொத்திறைச்சி தின்று செத்த நாய்கள் உண்டு.

நான் அறிவிப்பு எழுதினேன். மூன்றாம் மாடி நாய் திமீத்தர் திருநாளுக்குள் அடங்காவிட்டால் வெளியேற்றப்படும் என்று. அக்டோபர் கடைசியில், வேலைக்காரர்களைக் கணக்கு முடித்து அனுப்புகிற நாள் அது. நாய்க்கும் அதே நாள் போதும் என்று நினைத்தேன். பதினான்கு கையெழுத்து. முதல் கையெழுத்து என்னுடையது.

தோன்கா அதைக் கிழிக்கவில்லை. நேராக என் வீட்டுக்கு வந்தாள். “பாவ்லினா, கையெழுத்து முத்து முத்தா இருக்குடி. இத்தனை அக்கறை இருக்கறவ எனக்குக் கொஞ்சம் ஒத்தாசை பண்ணு” என்றாள். நாயைக் கொடுத்துவிடேன் என்றேன். கொடுத்தால் கொன்றுவிடுவார்கள் என்றாள். அவள் கண் கலங்கி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

நாலு போடு போட்டால் அடங்காதா என்று கேட்டேன். அதற்கு அவள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

“கிரேன் கொக்கியில தொங்குற சுமை ஆட ஆரம்பிச்சா, வெடுக்குனு எதிர்ப்பக்கம் இழுத்தேன்னு வை, இன்னும் மோசமா ஆடும். அது போற பக்கமே கொக்கிய நகத்திக்கிட்டுப் போய், அதுக்கு நேர் மேல நிக்கணும். தானா நின்னுரும். இதுவும் அந்த மாதிரி சுமைதான்.”

அப்படியே செய்தாள். விடிந்ததும் ஆற்றங்கரைக்குக் கூட்டிப் போவாள். கயிற்றை இழுக்கமாட்டாள், நாய் மூக்கு போகிற பக்கம் அவளும் போவாள். சாப்பாட்டைத் தட்டில் வைக்காமல் புல்லில் இறைத்துத் தேடித் தின்ன வைப்பாள். ஓடி ஓடிக் களைக்காத நாய், மோப்பம் பிடித்தே களைத்துப் போகும். வீட்டுக்கு வந்ததும் கதவருகே ஒரு கம்பளி. கிரேன் கூண்டில் குளிருக்கு முழங்காலில் போர்த்தியிருந்த அதே கம்பளி. அதில் பாருத் படுத்தால் அடியில் சீஸ் துண்டு கிடைக்கும். கதவைச் சாத்திக்கொண்டு ஒரு நிமிஷம் வெளியே நிற்பாள், மறுநாள் இரண்டு நிமிஷம். கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும் கிரேன்காரியைப் பார்த்து எல்லோரும் சிரித்தோம்.

கடைசியில் மிஞ்சியது கதவு தட்டும் சத்தம். அதற்குத்தான் நான்.

தினமும் காலை பத்து மணிக்கு மேலே போய் மூன்று தட்டு தட்டுவேன். பாருத் குரைத்தால் கீழே இறங்கிவிடுவேன். வாயை மூடிக்கொண்டு கம்பளிக்குப் போனால் மட்டும் தோன்கா செருப்பைச் சரக் சரக்கென்று இழுத்துக்கொண்டு வந்து கதவைத் திறப்பாள். என் கையாலேயே சீஸ் கொடுப்பேன். முதல் வாரம் தினம் பத்து தடவை ஏறி இறங்கினேன். என் முழங்கால் அவளைத் திட்டியது, நானும் திட்டினேன். ஆறாவது வாரம் தட்டினால் உள்ளே பூனை நடக்கிற சத்தம்கூட இல்லை. திமீத்தர் திருநாளன்று நடந்த கட்டடத்துக் கூட்டத்தில் மெத்தோதி, நாயை விற்றுவிட்டாளா என்று கேட்டார். நான் பெருமையில் பூரித்துப் போனேன். அறிவிப்பை நானே கதவிலிருந்து உரித்தேன். நாலு மூலையிலும் பசைக்காகிதம் மட்டும் வராமல் ஒட்டிக்கொண்டிருந்தது.

பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை பூசணிக்காய் வைத்த பனீட்சா என்ற அடுக்குப் பலகாரம் சுட்டேன். பாதியைத் தட்டில் வைத்து மூடி, காலை பத்து மணிக்கு மேலே கொண்டுபோய் மூன்று தட்டு தட்டினேன். சத்தமில்லை. கொஞ்சம் பொறுத்து மறுபடி மூன்று. செருப்புச் சத்தம் வரவில்லை. கிராமத்தில் இருக்கும் தன் தம்பியைப் பார்க்க நாயோடு போயிருப்பாள் என்று எண்ணினேன். கதவுக்குப் பின்னால் நாய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இப்போதெல்லாம் ஒரே அமைதிதான். அப்படி ஆக்கியவளே நான்தான். அது எனக்குத் தோன்றவில்லை. தோன்றவே இல்லை. படியில் மெத்தோதியைப் பார்த்தேன். அவளுக்குக் கொண்டுபோன பனீட்சாவை அவரோடு காப்பி குடித்தபடி தின்று தீர்த்தேன். கட்டடம் எவ்வளவு நிம்மதியாக இருக்கிறது என்று பேசிக்கொண்டோம்.

செவ்வாய் மத்தியானம் தம்பி வீட்டில் என்ன விசேஷம் என்று கேட்கலாமே என்று அவள் செல்போனுக்கு அடித்தேன். மணி என் கூரைக்கு மேலே அடித்தது. போனை வீட்டில் விட்டுவிட்டு ஊருக்குப் போகிறவளா அவள்?

தீயணைப்புக்காரர்கள் கதவை உடைத்தார்கள். தோன்கா குளியலறை வாசலில் ஒருக்களித்துக் கிடந்தாள். பாருத் கம்பளியில் படுத்திருந்தது. உதடு காய்ந்து, கம்பளி ஓரமெல்லாம் மூத்திரத்தில் நனைந்து நாறிப் போயிருந்தது. இத்தனை பேர் திமுதிமுவென்று நுழைந்தும் அது குரைக்கவில்லை. வால் நுனி ஒருமுறை அசைந்தது. என் முகத்தை அல்ல, என் கையைப் பார்த்தது.

மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு. வாய் பேச வராது, நினைவு இருந்திருக்கலாம் என்றார் டாக்டர். விழுந்தது ஞாயிறு சாயங்காலம். உயிர் போனது செவ்வாய் விடியற்காலை. திங்கள் காலை பத்து மணிக்கு யாராவது உள்ளே போயிருந்தால் என்று கேட்டேன். அவர் நல்ல மனுஷர், குனிந்து தாளில் ஏதோ எழுத ஆரம்பித்தார். நான் தட்டியது அவளுக்குக் கேட்டிருக்கும். ஆறு தட்டும் கேட்டிருக்கும்.

இறந்த செய்தியைப் படத்தோடு அச்சடித்து வாசல் கதவில் ஒட்டுவது எங்கள் வழக்கம். அதையும் நான்தான் ஒட்டினேன், பழைய பசைக்காகிதத்தின் மேலேயே. நல்ல அண்டை வீட்டுக்காரி, யாருக்கும் தொந்தரவு தராதவள் என்று எழுதியிருந்தது. அந்த வரியும் என்னுடையதுதான். கையெழுத்துப் போட்ட பதினான்கு பேரும் துக்க வீட்டில் கொடுக்கிற வேகவைத்த கோதுமையை வாங்கிக்கொண்டு தலையைக் குனிந்து நின்றார்கள். ப்ளாமென் இரண்டு நாள் இருந்தான். நாயைக் காப்பகத்தில் விட்டுவிடலாம் என்றான். உன்னை விட வேண்டிய இடம் அது என்று சொல்லி, பாருத்தையும் கம்பளியையும் என் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

நானும் தனியாகத்தான் இருக்கிறேன். இப்போது அதற்குக் குரைக்கக் கற்றுக்கொடுக்கிறேன். முன்னால் உட்கார்ந்து நானே குரைத்துக் காட்டியிருக்கிறேன். அறுபத்தாறு வயதில் அந்தக் கோலம் வேறு. அது தலையைச் சாய்த்துப் பார்க்கிறது. நேற்று படிக்கட்டில் மெத்தோதி நின்று சொன்னார்: “நாய்னா இப்படி இருக்கணும் பாவ்லினா. இருக்கற இடமே தெரியல.” நான் இறங்கிவிட்டேன்.

தினமும் காலை பத்து மணிக்கு வெளியே போய், கதவைச் சாத்தி, என் கதவை நானே மூன்று தட்டு தட்டுகிறேன். காத்திருக்கிறேன். மறுபடி மூன்று. உள்ளே சத்தமில்லை. திறந்தால் பாருத் கம்பளியில் படுத்தபடி என் கையைப் பார்க்கிறது. சொல்லிக்கொடுத்ததைச் சரியாகச் செய்திருக்கிறது. சீஸைக் கொடுத்துவிடுகிறேன்.