மூடியில்லாத பெட்டி

தொழிற்சாலையில் எல்லோரும் அவளை மேகம் என்றுதான் கூப்பிடுவார்கள். ஜன்னலோர மேசை, எதிரே கணினி, கண் மட்டும் வெளியே. "மேகம் இன்னிக்கு எந்தப் பக்கம் போகுது?" என்று கேட்டுக்கொண்டே ஃபிட்டர் தேநீரை வைத்துவிட்டுப் போவார். அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். கனவு காண யாராவது சம்பளம் தருவார்களா என்றால், அவளுக்குத் தந்தார்கள். புல்வெட்டி வண்டிகளுக்கு இருக்கை, கைப்பிடி, கால்மிதி என்று வரைந்து தருவது அவள் வேலை. ஒரு வளைவை நாள்கணக்கில் மனதுக்குள் உருட்டிக்கொண்டே இருப்பாள். பிறகு ஒரே மூச்சில் வரைந்து முடிப்பாள்.

அந்த வருடம் அவள் அடம்பிடித்துக் கேட்டு வாங்கிய வேலையைப் பார்த்து மற்றவர்கள் சிரித்தார்கள். ஏறி உட்கார்ந்து ஓட்டும் வண்டியில் கருவிகள் வைக்க ஓர் இடம். ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர், சிக்கிய புல்லைத் தள்ள ஒரு பிரஷ், அவ்வளவுதான். இதற்கெல்லாம் ஒரு வடிவமைப்பு வேண்டிக் கிடக்கிறதா என்று நீங்களும் கேட்பீர்கள். கேட்டால் சொல்ல என்னிடம் பதில் இருக்கிறது.

அவளுடைய அண்ணன் பெரிய விளையாட்டு மைதானம் ஒன்றில் புல்வெட்டி ஓட்டுபவன். இவளுக்குக் கனவு ஜன்னலில் என்றால் அவனுக்கு அந்த வண்டியின் மேல். வெட்டிய புல்லின் வாசனையில் மிதந்தபடி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கரும்பச்சையும் வெளிர்பச்சையுமாகக் கோடு இழுத்துக்கொண்டே போவான். வீட்டுக்கு வந்தால் அதிகம் பேசமாட்டான், ஆனால் முகம் நிறைந்திருக்கும். ஒருநாள் பிளேடை இறுக்கிவிட்டு ஸ்பேனரைப் புல்மேல் வைத்தான். வண்டியில் ஏறினான். மறந்துவிட்டான். ஒரு சுற்று போய்த் திரும்பி அதே இடத்துக்கு வந்தபோது பிளேடு அதை அடித்து வீசியது. சாப்பாடு கொண்டுவந்த அண்ணி மைதானத்து ஓரம் மரப்பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கையிலிருந்த டப்பா மூடி நழுவி உருண்டோடியது, அதைப் பிடிக்க அப்போதுதான் எழுந்து நாலடி போயிருந்தாள். ஸ்பேனர் வந்து பெஞ்சின் சாய்மானத்தில், அவள் முதுகு இருந்த இடத்தில் குத்தி நின்றது.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு என்று சொல்லிவிட்டு எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். அண்ணனால்தான் போக முடியவில்லை. "இனிமே அதுல ஏறமாட்டேன், என்னைக் கேக்காதீங்க" என்றான். மைதானத்தில் குப்பை பொறுக்கினான், வேலிக்கு வண்ணம் அடித்தான். வேறு யாரோ புல்லை வெட்டினார்கள், கோணல்மாணலாக. சாயங்காலம் வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வான். அந்த நிறைந்த முகத்தை இன்னொரு தடவை வண்டிமேல் பார்த்துவிட வேண்டும். மேகத்துக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

முதலில் இருக்கைக்கு அடியில் ஓர் இரும்புப் பெட்டி செய்தாள். வண்டி ஓடும்போது அதன் மூடி கடகடவென்று உயிரை எடுத்தது. அது ஆடாமலிருக்க இரண்டு போல்ட் போட்டு இறுக்கினாள். இப்போது சத்தமே இல்லை, பார்க்கவும் லட்சணமாக இருந்தது. ஃபிட்டர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"ஆமா, இந்த போல்ட்ட எதால கழட்டறது?"

"ஸ்பேனராலதான் அண்ணே."

"ஸ்பேனர் எங்க இருக்கு?"

"பெட்டிக்குள்..." என்று ஆரம்பித்தவள் அப்படியே நின்றாள்.

பட்டறையே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. "ஏம்மா மேகமே, வீட்டுச் சாவிய வீட்டுக்குள்ள வச்சுப் பூட்டற பரம்பரையா நீங்க?" என்றார் ஃபிட்டர். அவளும் சிரித்துத்தான் வைத்தாள். பேருந்தில் வரும்போது மட்டும் கண் கலங்கியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணி சமையலறையில் பிஸ்கட் மாவைத் தேய்த்து, அச்சு வைத்து வெட்டி வெட்டி எடுத்துக்கொண்டிருந்தாள். மேகம் கன்னத்தில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிலா எடுத்த இடத்தில் நிலாவாக ஒரு பள்ளம். மீன் போன பிறகும் மீன் அங்கேயே இருந்தது. பார்க்கப் பார்க்க அந்த மாவு பரந்து ஒரு பெரிய வெளியாகி, காணாமல்போன சாமான்கள் எல்லாம் வந்து தத்தம் பள்ளத்தில் படுத்துத் தூங்குவதாக அவளுக்குத் தோன்றிக்கொண்டே போனது.

"அண்ணி! இல்லாததுதான் நல்லாத் தெரியுது!"

"இந்த வீட்டுல என்னென்ன இல்லேன்னு எனக்கும் நல்லாவே தெரியுது. அந்தத் தட்ட எடு."

தட்டை எடுத்துக்கொடுத்துவிட்டு மேகம் வரைய ஓடினாள். சக்கரத்து மட்கார்டின் மேலே, ஓட்டுபவன் கண் தானாகவே போய் விழும் இடத்தில், கருப்பு ரப்பரால் ஒரு மெத்தை. அதில் ஒவ்வொரு கருவிக்கும் அதனதன் வடிவில் ஒரு பள்ளம். குலுங்கினாலும் விழாதபடி ரப்பர் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பள்ளத்தின் அடியில் மட்டும் பளீரென்று மஞ்சள். கருவி வெளியே இருந்தால் மஞ்சள் தெரியும்.

மேனேஜருக்குப் பிடிக்கவில்லை. "மூடி இல்லாம என்ன பெட்டிம்மா? மழை பேஞ்சா?"

"அடியில ஓட்டை இருக்கு சார், தண்ணி ஓடிரும்."

"பாக்க நல்லாவா இருக்கும்?"

"நல்லா இருக்கக் கூடாது சார். கண்ண உறுத்தணும்."

"சரி, ஓட்டிப் பாக்கட்டும்" என்றார் அவர், பாதி மனதோடு. ஓட்டிப் பார்க்க அண்ணனைத்தான் கூப்பிட வேண்டும் என்று மேகம் ஒற்றைக்காலில் நின்றாள்.

அண்ணன் மசியவில்லை. அவனை வழிக்குக் கொண்டுவந்தது அண்ணிதான். "நான் வந்து பக்கத்துலயே உக்காந்துக்கறேன், நீங்க ஓட்டுங்க."

"உனக்கென்ன பைத்தியமா?"

"உங்களக் கட்டிக்கிட்டப்பவே எல்லாரும் அதத்தான கேட்டாங்க!"

தொழிற்சாலைக்குப் பின்னால் சோதனைப் புல்வெளி. பனி விலகாத காலை, புல் முழுக்க வெள்ளையாக ஈரம். அண்ணி சொன்னபடியே ஓரத்துப் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். "எந்திரி" என்றான் அண்ணன். "மாட்டேன்" என்றாள். மேகம் இருக்கையின் போல்ட்டைக் கடைசியாக ஒருமுறை இறுக்கிவிட்டு விலகினாள். அண்ணன் ஏறி உட்கார்ந்தான். சாவியைத் தொட்டவன் கையை எடுத்துக்கொண்டான்.

"ஸ்பேனரக் காணோம்."

மட்கார்டின் மேல் ஸ்பேனர் வடிவில் மஞ்சள் எரிந்துகொண்டிருந்தது.

எல்லோரும் தேட ஆரம்பித்தார்கள். ஃபிட்டர் மண்டியிட்டுப் புல்லை அளைந்தார். மேனேஜர்கூடக் கால்சட்டை நனைய நனைய வண்டிக்கடியில் குனிந்து பார்த்தார். "இருக்கும், சும்மா ஓட்டுப்பா" என்று யாரோ சொன்னார்கள். "கிடைக்காம சாவியத் திருப்பமாட்டேன்" என்றான் அண்ணன், பெஞ்சைப் பார்த்துக்கொண்டே. மேகமும் நாலாபக்கமும் தேடினாள். குனிந்தபோது அவளுடைய மேலங்கிப் பையில் ஏதோ கனமாகத் தொடையில் இடித்தது.

ஐயோ, பூமி பிளந்து உள்ளே போய்விடலாம்போல இருந்தது அவளுக்கு. "என்கிட்டதான் இருக்கு" என்று நீட்டினாள். குனிந்திருந்தவர்கள் எல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள். பிறகு அண்ணன் சிரித்தான். மாதக்கணக்கில் அந்த வீடு கேட்டிராத சிரிப்பு. "ஏ கழுத, நல்லவேளை உன் பெட்டி உன்னைமாதிரி இல்ல" என்றான். ஸ்பேனரை வாங்கிப் பள்ளத்தில் வைத்து அழுத்தினான். மஞ்சள் மறைந்தது. மேனேஜர் முழங்காலைத் துடைத்துக்கொண்டு, "மூடி வேணாம்" என்று மட்டும் சொன்னார்.

வண்டி கிளம்பியது. பனிக்குள் புகுந்து கோடு இழுத்துக்கொண்டு போனது. அந்தக் கோடியில் அது உருவம் கரைந்து வெறும் முனகலாகிவிட்டது, புல்வாசனை மட்டும் இங்கே வந்தது. பிறகு திரும்பி, பெஞ்சுக்குப் பக்கமாகவே கடந்து போயிற்று. அண்ணனின் முகத்தை மேகம் பார்த்தாள். போதும், வேறென்ன வேண்டும் அவளுக்கு? ஓடிப்போய் அண்ணியிடம் சொல்லத் திரும்பினாள்.

அண்ணி இரண்டு கையாலும் பெஞ்சுப் பலகையை இறுக்கிப் பிடித்திருந்தாள். விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. கண்ணை இறுக மூடியிருந்தாள்.

"அண்ணி, முடிஞ்சுது. உங்களத் தாண்டிப் போயாச்சு, கண்ணத் திறங்க."

"ஒரு சுத்துதானடி வந்திருக்காரு" என்றாள் அண்ணி, கண்ணைத் திறக்காமலே. "அன்னிக்கும் முத சுத்துல ஒண்ணும் ஆகல. நீ வா, வந்து என் பக்கத்துல உக்காரு."

மேகம் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். தூரத்தில் வண்டி மறுபடியும் திரும்பிக்கொண்டிருந்தது.